ஆலைச் சங்கும் அடுப்பங்கரையும்

பொருள் தேடும் பொருட்டுத் தலைவன் தலைவியை விட்டுப் பிரிவதைப் ‘பொருள்வயிற் பிரிவு’ என்று பெயரிட்டு வழங்கினர் நம் முன்னோர். வினைமேற் சென்றவன் கார்காலத்துக்குள் மீண்டு வருவான் என ஆற்றியிருத்தலை முல்லைத் திணையாக்கினர். தொழில் ஒருபுறமும் இல்லம் ஒருபுறமும் நின்று ஒரு மனிதனை இழுக்கும் இழுப்பு இன்று நேற்று தோன்றியதன்று. தமிழ் இலக்கியம் அதனை ஈராயிரம் ஆண்டுகளாக அறியும்.

எனினும் தலைவன் வீடு திரும்பும் நேரத்தைப் பருவமழை குறித்த காலம் ஒன்று. ஆலைச் சங்கு குறித்த காலம் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்த மாறுதலே இக்கட்டுரையின் பொருள். பிழைப்பை நாடிப் பெங்களூருக்கு வந்து ஜீவனஹள்ளியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறிய நம் குடும்பங்களின் கதையும் இதற்குள் அடங்கும். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே இன்று நாம் காணும் வேலி தானாக முளைத்ததன்று. நட்டவர்கள் இருந்தனர், காத்தவர்களும் இருந்தனர். அவர்களை ஆண்டுவிழா நாளில் நினைவுகூர்தல் நம் கடமையாகும்.

வீடே பட்டறை

ஆலைகள் வருமுன் நம் நாட்டில் பெரும்பாலான தொழில்கள் வீட்டிலேயே நடைபெற்றன. நெசவாளர் இல்லத்தை எண்ணிப் பாருங்கள். கூடத்தின் நடுவே குழித்தறி. கணவன் தறியில் அமர்ந்து நாடா எறிவான். மனைவி தார் சுற்றுவாள். பிள்ளைகள் நூலிழை எடுத்துக் கொடுப்பார்கள். விடியற்காலையில் தெருவே பாவு ஓடும் களமாகிவிடும். அடுப்பில் உலை கொதிக்கும்போதே தறியின் ஓசையும் கேட்கும். உழவர், குயவர், தச்சர், கருமார் ஆகியோரின் வாழ்வும் ஏறக்குறைய இத்தகையதே. தந்தை என்ன தொழில் செய்கிறார் என்று மகன் பிறரைக் கேட்டறிய வேண்டியதில்லை, கண்ணெதிரே கண்டான்.

இதனைப் பொற்காலம் என்று போற்றுதல் பொருந்தாது. வேலை எப்போது தொடங்கிற்று, எப்போது முடிந்தது என்ற வரையறை அவ்வீட்டில் இல்லை. வணிகரிடம் முன்பணம் பெற்ற நெசவாளி கடன் தீரும் வரை தறியை விட்டு எழ இயலாது. பிள்ளையின் விளையாட்டும் பெண்ணின் உறக்கமும் தறிக்கே இரையாயின. வேலையும் வீடும் ஒன்றாய் இருந்ததில் நெருக்கமும் உண்டு, தளையும் உண்டு. இவ்விரண்டையும் நாம் மறத்தலாகாது.

தண்டு தந்த வாழ்வு

1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து தம் படையைப் பெங்களூருக்கு மாற்றிப் பாளையம் அமைத்தனர். கன்னட மக்கள் ‘தண்டு’ என்று வழங்கிய அப்பாளையத்திற்குச் சென்னை மாகாணத்துப் படையோடு தமிழரும் திரளாக வந்தனர். சிப்பாய், வணிகர், கொத்தனார், தையற்காரர், வண்டியோட்டி, சமையற்காரர் எனப் பலவகைத் தொழிலாளர் வந்து தங்கினர். 1864ஆம் ஆண்டில் ஜோலார்பேட்டையிலிருந்து தண்டு வரை புகைவண்டி ஓடத் தொடங்கியபின் வருவோர் தொகை மேலும் பெருகிற்று. 1898ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியது. நெருக்கமான குடியிருப்புகளை விட்டு மக்கள் வெளியேற வேண்டுமென்ற எண்ணம் வலுப்பெற்றது. பிரேசர் டவுன் முதலிய புதிய பகுதிகள் எழுந்தன. அவற்றின் அருகே, பெயரிலேயே ‘ஹள்ளி’ என்னும் சிற்றூர்த் தன்மையைத் தாங்கி நிற்கிறது நம் ஜீவனஹள்ளி.

தண்டின் பங்களாக்களில் வேலை செய்தோர் பலர் துரைமார் வளவின் பின்கட்டிலேயே குடியிருந்தனர். அவர்களுக்கு வீடு உண்டு. ஆனால் வீட்டு நேரம் இல்லை. நள்ளிரவில் மணி ஒலித்தாலும் எழுந்து ஓட வேண்டும். தறி வீட்டிலாவது தொழில் தம்முடையது என்ற நிறைவு இருந்தது. பின்கட்டு வாழ்வில் அதுவும் இல்லை.

இந்நிலையில் ஆலைகள் வந்தன. 1884ஆம் ஆண்டில் பெங்களூரில் கம்பளி, பருத்தி, பட்டு ஆலை நிறுவப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1886இல், அது சென்னைப் பின்னிக் கம்பெனியாரின் ஆட்சிக்குள் வந்தது. பின்னிப்பேட்டை என்ற பெயர் அதன் நினைவாகவே இன்றும் நிலவுகிறது. 1910களில் நம் பகுதியை அடுத்தே சிகரெட்டுத் தொழிற்சாலையும் தோன்றிற்று. ஆலையோடு சங்கும் வந்தது. கோழி கூவி எழுந்த குடும்பங்கள் சங்கு கேட்டு எழலாயின. 1906ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் வகுக்கப்பட்டது. ஊருக்கு ஊர் வேறுபட்ட பொழுது போய், கடிகாரத்தின் பொழுது நிலைபெற்றது.

வாயிற்கதவுக்கு வெளியே வீடு, உள்ளே வேலை என்று முதன்முதலாகக் கோடு போட்டது ஆலையே. ஆனால் அக்கோட்டைப் போட்டவர் முதலாளி. அதனை எவ்விடத்தில் போடுவது என்பதையும் அவரே முடிவு செய்தார். விடியுமுன் உள்ளே சென்று இருட்டிய பின் வெளியே வந்தவனுக்கு வீடு என்பது படுத்துறங்கும் இடமாயிற்று. மின்விளக்கு வந்தபோது இருளும் துணைநிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாய் ஆலைகள் மின்னொளியைப் பயன்படுத்தி வேலைநேரத்தை நாளொன்றுக்கு 14 மணிக்கும் மேலாக நீட்டின. அறிவியல் தந்த ஒளி, தொழிலாளியின் இல்லத்து மாலைப்பொழுதை விழுங்கிற்று.

பத்து நிமிடப் போர்

இப்போது பெரம்பூருக்குச் செல்வோம். பெங்களூர் ஆலையை நடத்திய அதே பின்னிக் கம்பெனியாரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் அங்கே இருந்தன. பல்லாயிரம் தொழிலாளர் அவற்றில் உழைத்தனர். நண்பகல் உணவுக்கு அவர்களுக்கு அளிக்கப்பட்ட நேரம் 30 நிமிடம். அந்த அரைமணிக்குள் தறியை விட்டு வெளியே வந்து, கை கழுவி, இடம் தேடி அமர்ந்து, உண்டு, மீண்டும் கதவு மூடுமுன் உள்ளே நுழைய வேண்டும். சோறு கொண்டுவந்த மனைவியோடு ஒரு சொல் பேசவும் பொழுது போதாது.

அப்பகுதியில் வணிகம் செய்துவந்த செல்வபதி செட்டியாரும் அவர்தம் நண்பர் இராமானுஜுலு நாயுடுவும் இத்துன்பத்தைக் கண்டனர். வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்னும் பக்திச் சபையைச் சார்ந்து இயங்கியவர்கள் அவர்கள். ஆலையிலிருந்து மீளும் தொழிலாளர் சற்று இளைப்பாறி நல்லுரை கேட்க அச்சபைக்கு வருவதுண்டு. பணிமனையும் அன்று, வீடும் அன்று என்ற அந்த இடைவெளியிலேதான் தொழிலாளர் தம் குறைகளை வாய்விட்டுச் சொன்னார்கள். இஃது ஊன்றி நோக்கத்தக்கது. ஆலையில் பேச அச்சம். வீட்டில் பேச நேரமில்லை. பேசுவதற்கு ஒரு மூன்றாம் இடம் வேண்டியிருந்தது.

இருவரும் பி.பி. வாடியா அவர்களை நாடினர். அன்னி பெசண்டு அம்மையாரோடு பணியாற்றிய அப்பெரியார் தொழிலாளரைக் கண்டு உண்மை நிலையை உணர்ந்தார். 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவரானார், தமிழ்த்தென்றல் திரு.வி.க. துணைத்தலைவர்களுள் ஒருவரானார். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர் அதனைக் குறிப்பர்.

சங்கம் எழுப்பிய முதற் கோரிக்கைகளுள் ஒன்று உணவு நேரத்தை நீட்டவேண்டும் என்பது. 30 நிமிடம் 40 நிமிடமாயிற்று. பத்தே நிமிடம்! இதனைச் சிறிதென்று எண்ணுவோர் உண்டோ? சோற்றை விழுங்காமல் உண்ணவும், ‘குழந்தைக்குக் காய்ச்சல் தணிந்ததா?’ என்று கேட்கவும் பத்து நிமிடம் போதும். ஆலையின் நடுப்பகலுக்குள் வீடு நுழைந்து அமர இடம் பெற்றது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

இந்த வெற்றியோடு போர் ஓய்ந்துவிடவில்லை. 1920, 1921ஆம் ஆண்டுகளில் கதவடைப்பும் வேலைநிறுத்தமும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. தொழிலாளர் பக்கம் நின்றதற்காக வாடியாமீது கம்பெனியார் வழக்குத் தொடுத்து உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றனர். சங்கம் சேர்வது குற்றமாகுமோ என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. அதன் பயனாக 1926ஆம் ஆண்டில் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட்டது.

சட்டம் வளர்ந்த வரலாறு

1881ஆம் ஆண்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் சிறுவர்களை மட்டுமே கருதியது. ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளை நாளொன்றுக்கு 9 மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றது. ஏழு வயதுக் குழந்தைக்கு ஒன்பது மணி வேலை என்பதே அன்று சீர்திருத்தமாகக் கருதப்பட்டது! 1891ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு 11 மணி என வரையறுத்ததோடு, வார விடுமுறையையும் நண்பகல் அரைமணி ஓய்வையும் தந்தது. அந்த வார விடுமுறைக்காகப் பம்பாயில் போராடிய நாராயண் மேகாஜி லோகாண்டே நம் நன்றிக்கு உரியவர். ஞாயிற்றுக்கிழமை நாம் வீட்டிலிருப்பது வானத்திலிருந்து விழுந்த வரம் அன்று.

1911இல் நெசவாலை ஆடவர்க்கு நாளொன்றுக்கு 12 மணி என்ற எல்லை வந்தது. 1919ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு எட்டு மணி வேலை, வாரத்துக்கு 48 மணி என்ற நெறியை உலகுக்கு வகுத்தது. ஆனால் இந்தியாவுக்குத் தனிவிதியாக வாரத்துக்கு 60 மணி என்றது. அடிமை நாட்டானின் மாலைப்பொழுதுக்கு விலை குறைவு போலும்! 1922ஆம் ஆண்டுச் சட்டம் அந்த 60 மணியை ஏற்றது. 1934இல் அது 54 ஆயிற்று. வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழில் துறையை ஏற்றிருந்த டாக்டர் அம்பேத்கர் காலத்தில் இம்முயற்சி வேகம் பெற்று, 1946இல் 48 மணி என்ற நிலை எய்திற்று. உரிமை பெற்ற இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதனை உறுதி செய்தது. ஐந்து மணி வேலைக்குப் பின் அரைமணி ஓய்வு, பெரிய ஆலைகளில் உணவுச்சாலை, ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் உழைக்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றையும் விதித்தது.

60, 54, 48 என்று குறைந்து வந்த இவ்வெண்களை வெறும் கணக்காகக் கருதவேண்டா. தந்தை வீட்டில் இருக்கும் நேரமும், தாய் குழந்தையைத் தூக்கும் நேரமும் அக்கணக்கின் மறுபக்கத்தில் வளர்ந்தன. பாவேந்தர் பாரதிதாசன் தம் ‘இசையமுது’ நூலில், வேலை முடிவுச் சங்குக்காக ஏங்கும் மனைவியின் குரலை ஒரு பாடலாக்கினார். ஆலையின் சங்கு வீட்டுக்குள்ளும் ஒலித்தது என்பதைக் கவிஞர் உணர்ந்திருந்தார்.

தங்கவயலின் பாடம்

நம் காலனியில் தங்கவயலோடு உறவில்லாத தமிழ்க் குடும்பங்கள் சிலவே இருக்கலாம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குச் சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர் சென்றனர். 1902ஆம் ஆண்டில் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. இரவும் பகலும் சுரங்கம் இயங்கிற்று. முறை மாற்றத்துக்கு ஏற்பக் குடும்பத்தின் உணவும் உறக்கமும் மாறின. தந்தை பகலில் உறங்கும் வீட்டில் குழந்தைகள் ஓசையின்றி விளையாடக் கற்றனர்.

குடியிருப்பும் கம்பெனிக்குரியது, மருத்துவமனையும் கம்பெனிக்குரியது. வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில் இரண்டுக்கும் இடையே எல்லை எங்ஙனம் நிற்கும்? 1930ஆம் ஆண்டில் தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை பதியவேண்டும் என்ற ஆணையை எதிர்த்து அங்கே பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. உழைப்பை விற்றோம், உடலை விற்கவில்லை என்ற உணர்வே அதன் உட்பொருள் எனலாம்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் தங்கவயல் மக்கள் பல்லாயிரவர் வேலை தேடி நாள்தோறும் பெங்களூருக்குப் புகைவண்டியில் வந்து செல்லலாயினர். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ஏறுவோரும் இரவில் வீடு சேர்வோரும் உளர். வண்டியே அவர்களுக்கு வீட்டுக்கும் வேலைக்கும் நடுவிலுள்ள திண்ணை. அங்கே பூத் தொடுக்கிறார்கள், சீட்டு ஆடுகிறார்கள், உறங்குகிறார்கள். நம் கீழ்ப்பெங்களூர் நிலையத்தின் வழியே ஓடும் அவ்வண்டிகளை நோக்குங்கள். எட்டு மணி வேலைக்குப் பயணம் ஐந்து மணி எனின், சட்டம் தந்த மாலைப்பொழுதை வழி தின்றுவிடுகிறது அன்றோ?

அரசுத் தொழிற்சாலைகள்

1940இல் விமானத் தொழிற்சாலை, 1948இல் தொலைபேசித் தொழிற்சாலை, 1953இல் கடிகாரத்துக்குப் பின்னர்ப் பெயர்பெற்ற எச்.எம்.டி., 1954இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் எனப் பெரிய நிறுவனங்கள் பெங்களூரில் எழுந்தன. ஊதியம், விடுமுறை, மருத்துவம், ஓய்வுக்கால நிதி ஆகியவற்றோடு அவை தம் பணியாளர்க்கு மற்றொன்றையும் தந்தன. இன்ன நேரத்தில் வீடு திரும்புவேன் என்ற உறுதியே அது. அந்த உறுதியின்மீதுதான் மாலைப் பள்ளிகள், நாடக மன்றங்கள், பஜனைக் குழுக்கள், படிப்பகங்கள் வளர்ந்தன. தண்டுப் பகுதியெங்கும் தமிழ் மன்றங்கள் தழைத்ததற்கும் இதுவே அடிப்படை. ஐந்து மணிக்குப் பின் தன்னுடையது என்று சொல்ல நேரம் இல்லாதவன் தமிழ் மன்றம் நடத்த இயலுமோ?

சங்கு ஊதாத வேலை

இதுவரை கூறிய வரலாற்றில் ஒரு பெருங்குறை உண்டு. ஆலைச் சங்கு ஆடவனுக்கு மாலையில் விடுதலை தந்தது. அடுப்பங்கரைக்கு அச்சங்கு ஊதவே இல்லை. காலைச் சங்குக்கு முன்னரே எழுந்து சோறு கட்டியவள், மாலைச் சங்குக்குப் பின்னும் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தானும் ஆலைக்குச் சென்றவளுக்கோ ஒரு நாளில் இரு முறை வேலை.

சட்டம் மெல்லக் கண்விழித்தது. பேறுகாலச் சலுகைச் சட்டம் பம்பாயில் 1929இலும், நாடு முழுமைக்கும் 1961இலும் வந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் பேறுகால விடுப்பை 26 வாரமாக உயர்த்திற்று. ஆயினும் வீட்டுக்குள் சட்டம் நுழைவது அரிது. மைய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வு 2019இல் கண்ட உண்மை இது: ஊதியமற்ற வீட்டுப் பணிக்கு அதில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டாள், ஆண் 97 நிமிடம். 2024ஆம் ஆண்டு ஆய்வில் பெண்ணுக்கு 289 நிமிடம். ஆணுக்கு 88 நிமிடம். ஐந்து ஆண்டுகளில் பெண்ணுக்குக் குறைந்தது பத்து நிமிடம். பெரம்பூரில் 1918இல் கிடைத்ததும் பத்து நிமிடமே. அன்று அதனைப் பெற ஒரு சங்கம் தோன்றிற்று. இன்று நம் இல்லங்களில் அடுத்த பத்து நிமிடத்தைக் கேட்கும் சங்கம் எது? கேட்குமுன் கொடுப்பதே ஆண்மக்களுக்கு அழகு.

மீண்டும் தறி வீடு

காலம் ஒரு வட்டம் சுற்றி வந்துவிட்டது. சிகரெட்டுத் தொழிற்சாலை இருந்த அவ்வளாகத்தில் இன்று கணிப்பொறிப் பணி நடைபெறுகிறது. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றால் நாடு அடைபட்டபோது, அலுவலகம் முழுவதும் வீட்டுக் கூடத்துக்குள் வந்து அமர்ந்தது. தறி இருந்த இடத்தில் கணிப்பொறி. தொற்று நீங்கிய பின்னும் பல இல்லங்களில் அது முற்றும் வெளியேறவில்லை. கைபேசி வழியே நள்ளிரவிலும் மேலாளர் அழைக்கிறார். துரை வளவின் பின்கட்டு மணி இப்போது நம் தலையணையின் கீழ் ஒலிக்கிறது.

பழைய தறி வீட்டுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று தந்தையின் தொழிலைப் பிள்ளை கண்டான், கற்றான், கையும் கொடுத்தான். இன்று தந்தை அருகிலேயே அமர்ந்திருக்கிறார். ஆனால் அவர் செய்வது என்னவென்று குழந்தைக்குத் தெரியாது. ‘பேசாதே’ என்ற ஒரு சொல்லே அதற்குக் கிடைக்கிறது. தறி வீட்டின் தளை மட்டும் திரும்பியது, நெருக்கம் திரும்பவில்லை.

பிற நாடுகள் இதற்கு வழி தேடுகின்றன. வேலைநேரத்துக்குப் பின் அலுவலக அழைப்புக்குச் செவிசாய்க்காதிருக்கும் உரிமைக்குப் பிரான்சு 2017இலும், ஆஸ்திரேலியா 2024இலும் சட்டத்தில் இடமளித்தன. நம் நாட்டிலும் ஒருநாள் அஃது எய்தக்கூடும். ஆயின் 1918இல் பெரம்பூர்த் தொழிலாளர் சட்டம் வரும் வரை காத்திருக்கவில்லை என்பதை நினைவிற் கொள்க. முதலில் அவர்கள் ஒன்றுகூடிப் பேசினார்கள். சட்டம் பின்னே வந்தது.

நாம் செய்யத்தக்கது

ஆலைச் சங்கு ஓய்ந்துவிட்டது. இனி ஒவ்வொரு வீடும் தன் சங்கைத் தானே ஊதிக்கொள்ளவேண்டும். இரவு உணவு வேளையில் கைபேசியை வேறோர் அறையில் வைக்கலாம். ஆண்மக்கள் அடுப்பங்கரையில் ஒரு பங்கை அன்றாடக் கடமையாக ஏற்கலாம். உதவி என்ற பெயரால் அன்று, தம் பங்கு என்ற உணர்வால். தந்தையும் தாயும் தாம் செய்யும் தொழில் இன்னதெனப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லலாம். இரவு முறைக்குச் செல்லும் பெண்கள் வீடு சேரும் வரை அண்டை வீட்டார் கண் வைத்திருக்கலாம்.

குணாமிர்த வர்ஷிணி சபை செய்த தொண்டை நம் தமிழ்ச் சங்கம் இன்று செய்யவேண்டும். வேலையும் அன்று, வீடும் அன்று என்ற மூன்றாம் இடமாக அது திகழட்டும். தொழில் துன்பத்தை அங்கே வாய்விட்டுச் சொல்லலாம். ஒருவர் துயர் மற்றவர்க்குப் புரியும். ஊர் விட்டு வந்த நமக்கு உற்றார் அருகிலில்லை. அந்த இடத்தை நிரப்பவன்றோ சங்கம் அமைத்தோம்?

பத்து நிமிடத்துக்காகப் பாடுபட்ட அம்மக்கள் பெரும்பாலும் எழுத்தறியாதவர். தம் மாலைப்பொழுதின் மதிப்பை அவர்கள் அறிந்திருந்தார்கள். படித்த நாம் அதனைக் கேட்பாரற்று இழத்தல் ஆகாது. அவர்கள் நட்ட வேலியைக் காப்போம். அவர்கள் நடாமல் விட்ட இடத்தில், அடுப்பங்கரையின் பக்கத்தில், நாம் நடுவோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் இல்லங்கள்!